கலைச்சொல்: ஆர்க்கெஸ்ட்ரேஷன், கோரியோகிராஃபி, இவற்றையொட்டி மூன்றாவதாக ஒன்று

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

தனித்தனிச் சேவைகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி இயங்கும் சேவைசார் மென்பொருள்களைக் கணித முறையில் மாதிரியாக வரைகையில் வரும் ஆர்க்கெஸ்ட்ரேஷன் (orchestration), கோரியோகிராஃபி (choreography) ஆகிய இரண்டுக்கும் தமிழில் ‘இசைக்குழு அமைப்பு’, ‘நடன அமைப்பு’ என்று நண்பர்கள் முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நடன அமைப்பாளர் என்றால் நமக்கு எதிரே நின்று ஆட்டுவிப்பவர்தான் நினைவுக்கு வருவார். கோரியோகிராஃபியிலோ ஆட்டுவிப்பவர் எவரும் இல்லை என்பதே அடிப்படை.

விற்பனை, கட்டணம், அனுப்புகை என மூன்று சேவைகள் இருப்பதாகக் கொள்வோம். விற்பனைச் சேவை கட்டணச் சேவையை அழைக்கும், பணம் வந்தால் அனுப்புகையை அழைக்கும், வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்யும் என்று ஒரே சேவையின் பார்வையில் நின்று எழுதுவது ஆர்க்கெஸ்ட்ரேஷன். 2007-இல் ஓயாசிஸ் (OASIS) என்னும் தர நிர்ணய அமைப்பு தரப்படுத்திய பிபெல் (WS-BPEL) 2.0 மொழி இதற்கானதே. ‘நெறியாள்கை’ என்பது இங்கே பொருந்துகிறது; நெறியாளி, நெறியாளும் சேவை என்று கிளைக்கவும் செய்கிறது.

கோரியோகிராஃபியில், யார் யாருக்கு எந்தச் செய்தியை எந்த வரிசையில் அனுப்புவர் என்பது மட்டுமே வெளியிலிருந்து வரையப்படுகிறது. ஆகவே ‘ஊடாட்ட வரைவு’ என்கிறேன். ‘ஊடாட்ட ஒப்பந்தம்’ என்பதும் நல்ல சொல்தான். ஆனால் ஒப்பந்தம் என்பதைச் சேவை இடைமுகத்தின் முன்-பின் நிபந்தனைகளுக்கு (அழைக்குமுன் நிறைவேறியிருக்க வேண்டியவை, அழைத்தபின் உறுதியாகுபவை) விட்டுவைப்பது நல்லது. வரைவு என்றால் முடிவுபெறாத படி என்று தோன்றாதா என்ற ஐயம் எழலாம். அதை நான் குறையாகக் கருதவில்லை, ஏனெனில் வரைந்ததெல்லாம் நடத்தத்தக்கதாக இருப்பதில்லை.

க, ச, ட, த என நான்கு சேவைகள். முதலில் க என்னும் சேவை ச-வுக்கும், அதன்பின்னரே ட என்னும் சேவை த-வுக்கும் செய்தி அனுப்ப வேண்டும் என்கிறது வரைவு. வேறு செய்தி எதுவும் இல்லை. முதற்செய்தி போனதை ட அறிய வழியே கிடையாது. ஒவ்வொரு சேவையையும் ஒரு பெட்ரி வலையாக (Petri net: இடங்களில் உள்ள வில்லைகள் நிலைமாற்றங்களின் வழியே நகரும் வரைபடம்) வரைந்து, செய்திகளுக்கான இடங்களால் இணைத்துப் பார்த்தால், ட செய்தி அனுப்பும் நிலைமாற்றம் க-விடமிருந்து வரும் எந்த வில்லைக்கும் (token) காத்திராமல் முந்திக்கொள்வது கண்ணெதிரே தெரியும்.

இத்தகைய வரைவில் இல்லாத பண்பு, அதாவது வரைந்தபடியே சேவைகளால் நடத்தத்தக்கதாக இருத்தல் (realizability), இதுவே தலைப்பில் சொன்ன மூன்றாவது; இதற்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘சாத்தியம்’ போதாது; தன்னளவில் முரணற்ற வரைவுக்கும் அதை உள்ளபடி நடத்திக்காட்டும் சேவைகள் அமையாமல் போகலாம். ‘ஈடேறுதன்மை’ என வைக்கலாம். சமயநூல் வாசகருக்கு ஈடேற்றம் வீடுபேற்றை நினைவூட்டும்தான்; ஆயினும் எண்ணம் ஈடேறியது என்று இன்றும் எழுதுகிறோம். மாற்று இருப்பின், ஈடேறும் வரைவு, ஈடேறா வரைவு என்னும் இரு வடிவங்களிலும் அதைப் பொருத்திப் பார்த்து எழுத வேண்டுகிறேன்.