‘லீனிங்’: மெலித்தலா, குறைத்தலா, பதமா?

நாகர்கோவில்:
(எழுதுகிறவர்களுக்கு அவரவர் ஊர்ப்பெயர்.) திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கான விமான எஞ்சின் பாடக்குறிப்பு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) வைத்த பிஸ்டன் எஞ்சினில், உயரம் ஏறி ஒரே சீராகப் பறக்கும்போது பைலட் கலவையை மாற்றும் சிவப்புப் பிடியைப் பின்னால் இழுப்பார். காற்று அப்படியே இருக்க, பெட்ரோல் மட்டும் குறையும். இந்த ‘லீனிங்’குக்குச் சொல் வேண்டும். இழுக்க இழுக்க எக்ஸாஸ்ட் (வெளியேறும் புகை) சூடு ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். உச்சத்தின் இரு பக்கத்துக்கும் பெயர் வேண்டும். மாவட்டத்தில் விமான நிலையமே இல்லையே என்று தொடங்கிவிடாதீர்கள்.

குளச்சல்:
‘பெட்ரோல் குறைத்தல்’ போதாதா சார்? படகு எஞ்சின் பார்க்கிற எங்களுக்கு அதுவே புரியும்.

நாகர்கோவில்:
போதாது தம்பி. காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலைக் குறைத்தாலும் பெட்ரோல் குறையும், கூடவே காற்றும் குறையும். இங்கே மாறுவது விகிதம். 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 15 பங்கு காற்று சேருகிற இடத்தை ஒட்டித்தான் அந்த உச்சம் வரும்.

அதங்கோடு:
மெலித்தல். நன்னூல் செய்யுள் விகாரத்திலேயே இருக்கிறது: வலித்தல், மெலித்தல். வல்லெழுத்து மெல்லெழுத்தாகி ‘தட்டை’ ‘தண்டை’ ஆவது மெலித்தல். மெலிதல் தன்வினை, ஒரு ‘த்’ சேர்ந்ததும் பிடியை இழுக்கிற கை தெரிந்துவிடுகிறது. பெயராக வேண்டுமா, மெலிகலவை. வினைத்தொகை, ‘க்’ மிகாது. தொல்காப்பியத்தைக் கேட்டுக் குறை களைந்த அதங்கோட்டாசான் எங்கள் ஊர்க்காரர் என்பது எங்கள் கட்சி. ஆகவே சந்திப்பிழையோடு எதுவும் அச்சேறக் கூடாது.

தக்கலை:
‘பதம்’ என்ற அருமையான சொல்லை ஏன் விட்டுவிட்டீர்கள் அண்ணாச்சி? கருப்பட்டி காய்ச்சும்போது எங்கள் பாட்டி பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் இறக்கிவிட வேண்டியதுதான். பைலட்டும் மீட்டரைப் பார்த்து அதைத்தானே செய்கிறார்? கலவைப்பதம்!

நாகர்கோவில்:
ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாகு பதம் தாண்டினால் தீயும். எஞ்சின் உச்சம் தாண்டினால் குளிரும். சிலிண்டர் தலை மிகவும் சூடாவது உச்சத்துக்குச் சுமார் 50 டிகிரி ஃபாரன்ஹீட் முன்னால், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் இடத்தில். டர்போ என்றால் இன்னொரு கவலையும் உண்டு: அந்த எக்ஸாஸ்ட்தான் டர்போவின் சுழலியை (டர்பைன்) சுற்றுகிறது. சுழலி வாயில் 1650 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்று பல எஞ்சின்களுக்கு வரம்பு. பையன் ‘பதம் வந்தது’ என்று உச்சத்திலேயே நிறுத்திவிட்டால் என்ன ஆவது?

குளச்சல்:
அப்போ ‘உச்சத்துக்கு முன்’, ‘உச்சத்துக்குப் பின்’. முடிந்தது.

அதங்கோடு:
பின்பக்கத்திலிருந்து பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே வந்தால் எது முன், எது பின்?

(இதற்கு இரண்டு நாள் யாரும் பதில் எழுதவில்லை. நடுவில் தக்கலைக்காரர் மட்டும் ‘சுழலி வாய்’ என்பதில் மதகின் வாய் தெரிகிறது என்று நான்கு பத்தி எழுதினார். நன்றாகவே இருந்தது, வேலைக்கு ஆகவில்லை.)

நாகர்கோவில்:
கேள்வி நியாயம். பெட்ரோல் கூடுதலாக இருப்பது செழிப்புப் பக்கம், குறைவாக இருப்பது மெலிவுப் பக்கம் என்றே போடுகிறேன். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பொருள் மாறாது. செயலுக்கு மெலித்தல். ஆட்சேபம் இருந்தால் இன்று இரவுக்குள்.

தக்கலை:
சரி. அரை மனசோடு.

குளச்சல்:
மெலிவுப் பக்கம் போனால் பவர் குறையுமே சார், அதையும் ஒரு வரி எழுதுங்கள். டர்போவில் காற்றழுத்தத்தை ஏற்றி அதை ஓரளவு ஈடுகட்டலாம். சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர் எல்லாம் ஒரே அளவு ஊற்றாவிட்டால் ஒரு சிலிண்டர் முந்தி மெலிந்து எஞ்சின் உதறும். அப்புறம், பையன்கள் ஒர்க்‌ஷாப்பில் ‘லீன்’ என்றுதான் சொல்வார்கள். அடைப்புக்குறிக்குள் அதையும் போட்டுவிடுங்கள்.

நாகர்கோவில்:
முதல் முறை வரும் இடத்தில் மட்டும் போடுகிறேன்.

அதங்கோடு:
மெலித்தலுக்கு என் வாக்கு. அந்த அடைப்புக்குறிக்கு இல்லை.