18 ஆக இன்னும் 15 மாதம், அதுவரை எப்படி இருப்பது?

கடல்காற்று_81

இது யோசனை கேட்கும் பதிவா வெறும் புலம்பலா என்று எனக்கே தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 16 முடிந்து ஒன்பது மாதம். தண்டையார்பேட்டை. பிளஸ் டூ, அரசுப் பெண்கள் பள்ளி. அந்தப் பெண்கள் பள்ளிதான் விஷயமே. நான் பையன். பிறந்தபோது அப்படி எழுதவில்லை, அவ்வளவுதான். திருநம்பி என்ற வார்த்தையை ஒன்பதாவது படிக்கும்போது யூடியூப்பில் கேட்டேன், அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

வீட்டில் சொல்லவில்லை. ஸ்டோர் வீடு, ஒரே அறை, ஐந்து பேர். அப்பா காசிமேட்டில் குட்டி யானை (சின்ன லோடு வண்டி) ஓட்டுகிறார், அம்மா எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. கெட்டவர்கள் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம். தினமும் காலையில் அம்மா கடைக்குக் கிளம்பும் அவசரத்திலும் என்னை உட்கார வைத்து ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிவிடுவார். அந்தப் பத்து நிமிடம் அம்மா கை தலையில் இருப்பது எனக்குப் பிடிக்கும், நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் அழுகை வரும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எட்டாவது படிக்கும்போது மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். தெரு முனையில் பத்தடிக்கு பேனர். பட்டுப்புடவை, நெத்திச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் போட்டு நான், பின்னால் எந்த நாட்டு மலையோ. எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை, அதனால் விழா முடிந்ததும் அந்த பேனர் குளிக்கிற இடத்துக்குக் கூரையாகிவிட்டது. நாலு வருடமாகத் தலைக்கு மேல் நானே புடவையில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு குளிக்கப் பழகிவிட்டேன்.

பள்ளியில் ஒரே ஒரு தோழிக்குத் தெரியும். எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர் இனியன். அவள் எல்லார் முன்னாலும் "இனியா" என்று சத்தமாகக் கூப்பிடுவாள். மற்றவர்களுக்கு அது பெண் பெயர், எங்கள் இருவருக்கும் அது இனியனைக் கூப்பிடுவது. தமிழ் இலக்கணத்தால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம்.

18 வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டெய்லி காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அத்தை வந்து, "பிளஸ் டூ முடியட்டும், 18 ஆவட்டும், மீஞ்சூர்ல நம்ம பையன் இருக்கானே" என்றார். அப்பா சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போதுதான் உறைத்தது, நான் எண்ணிக்கொண்டிருக்கும் அதே தேதியைத்தான் அவர்களும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன். 18க்கு முன்னாலேயே கிளம்பிவிடலாமா? பக்கத்துத் தெரு ஜிம்மில் ஒரு அண்ணன் ஊசி வாங்கித் தருகிறேன் என்கிறார், போட்டுக்கொள்ளலாமா? மார்பில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன், மதியத்துக்குள் மூச்சு முட்டுகிறது. சில ராத்திரிகளில் 15 மாதம் தாங்குவேனா என்றே சந்தேகம் வருகிறது.


வியாசர்பாடி_வாலிபன்

தம்பி, முதலில் அந்த பேண்டேஜை அவிழ். மீதியை அப்புறம் படி. கிரேப் பேண்டேஜ் சுளுக்குக் காலுக்குச் செய்தது, மூச்சு விட விட இறுகும், விலா எலும்பு தாங்காது. நான் பத்தாவது பரீட்சையை அதைச் சுற்றிக்கொண்டு எழுதி ஹாலில் மயங்கி விழுந்தவன். சரியான அளவில் ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா போதும், அதையும் ராத்திரி கழற்றிவிடு. மேலே யூனிஃபார்ம் ஓவர்கோட் இருக்கிறதே, அதை ஒரு சைஸ் பெரிதாக வாங்கித் தரச் சொல், "வளர்ற பிள்ளை" என்றால் எந்த அம்மாவும் மறுக்கமாட்டார்.

ஜிம் அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா. அவர் கொடுப்பது என்ன மருந்து என்று அவருக்கே தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தைக் கெட்டியாக்கும், அதனால்தான் டாக்டர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை எடுத்து, அளவு பார்த்து, நடுவிலும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. 18 முடிந்ததும் உன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். அதற்குள் ஒரு ஊசியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு போய் நிற்காதே.

ஜடை விஷயம். இதைச் சொன்னால் சிரிப்பாய். நான் பிளஸ் ஒன்னில் இருந்தபோது அம்மாவிடம், நல்ல மார்க் வந்தால் திருத்தணிக்கு முடி காணிக்கை என்று வேண்டிக்கொண்டேன் என்று ஒரு போடு போட்டேன். சாமி விஷயத்தில் எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. ரிசல்ட் வந்த வாரமே பெரம்பூரில் ரயில் ஏறி, மலைக்குப் போய், மொட்டை. தலையில் சந்தனம் தடவிக்கொண்டு குளத்துத் தண்ணீரில் என் முகத்தைப் பார்த்தேன், எதிரில் ஒரு பையன். முருகனிடம் பொய் சொன்னோமே என்று கொஞ்ச நாள் உறுத்தியது. இப்போது இல்லை, அவருக்குத் தெரியாதா என்ன. அப்புறம் முடி வளர வளர, வெயில், பேன், தலைவலி என்று ஏதாவது சொல்லிக் கட்டையாகவே வைத்துக்கொண்டேன்.

கல்யாணப் பேச்சுக்கு மட்டும் நேரடியாக மோதாதே. "எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்றால் ஏன் என்ற கேள்வி வரும், அதற்கு உன்னிடம் இப்போது சொல்லக்கூடிய பதில் இல்லை. "படிக்கணும்" என்று மட்டும் சொல், தினமும் சொல், அத்தை முன்னாலும் சொல். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்திருந்தால் காலேஜ் சேர்ந்ததும் மாதம் 1000 ரூபாய் உன் வங்கிக் கணக்கிலேயே விழும். திட்டத்தின் பெயர் புதுமைப் பெண், பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கு, பணத்துக்குப் பால் கிடையாது. காலேஜ் என்றதும் பாரதி மகளிர் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். அது நல்ல காலேஜ், ஆனால் இன்னும் மூன்று வருடம் பெண்கள் நடுவில் நீ தவிக்க வேண்டாம். வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா இரண்டும் இருபாலருக்கும். அங்கே இருக்கும் ஒரு பாடப்பிரிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், "இது அங்கேதான் இருக்கு" என்று.

எனக்கு இப்போது 26. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன், ஐடி கார்டில் என் பெயர்தான். 18இல் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள், அவ்வளவுதான். எனக்கு 21இல் முதல் சம்பளம் வந்த மாதம்தான் 18.


பொதுஜனம்

எல்லாம் வயசுக் கோளாறு. போனைப் பிடுங்கி வைத்துவிட்டு நல்ல மனநல டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும். கூட்டமாகச் சேர்ந்து சின்னப் பிள்ளையைக் கெடுக்காதீர்கள்.


பிராட்வே_வக்கீல்

மேலே உள்ளவருக்கு ஒரே வரி. இதை "மாற்றிக் காட்டுகிறேன்" என்று எந்த டாக்டராவது சிகிச்சை செய்தால் அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே அறிவித்துவிட்டது. மனநல டாக்டரிடம் போகலாம், தாராளமாக, மனசு லேசாவதற்கு.

தம்பி, 18க்கு முன்னால் கிளம்பாதே. நீதி போதனைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் புகார் கொடுத்தால் போலீஸ் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும், உனக்கு இடம் கொடுத்தவர் மேல் கடத்தல் வழக்கு விழும், அவர் உன்னைப் போன்ற ஒருவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் அடி உதை, பூட்டி வைப்பது, 18க்கு முன்னாலேயே தாலி கட்டும் ஏற்பாடு என்று போனால் அது வேறு கதை, உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடி. குழந்தைத் திருமணத்தை நிறுத்துவது அவர்கள் வேலை.

18க்குப் பிறகு நிலைமை தலைகீழ். மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்த வழக்கு ஒன்று, 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். இந்த விஷயத்தில் தனக்குத் தெளிவு போதாது என்று ஒப்புக்கொண்டு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதிய உத்தரவு அது (நான் பார்த்த வரையில் நீதிமன்றத்தில் அபூர்வம்). காணவில்லை என்று புகார் வந்து, தேடப்படுபவர் தன் விருப்பத்தில் வந்த வயதுவந்த திருநரோ தன்பாலீர்ப்பாளரோ என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று போலீசுக்கு அதில் சொல்லியிருக்கிறது. வயதுவந்தவர் என்ற சொல்தான் உனக்கு முக்கியம்.

இந்த 15 மாதத்தில் பேப்பர் வேலை பார். ஆதார், பத்தாவது மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்து உன் மெயிலில் போட்டு வை. ஆதாரில் யார் போன் நம்பர் இருக்கிறது என்று பார், அநேகமாக அப்பாவுடையதாக இருக்கும். 2019 திருநர் சட்டத்தின்கீழ் கலெக்டரிடம் வாங்கும் அடையாளச் சான்றிதழுக்கு 18 ஆகாதவர் தானாக விண்ணப்பிக்க முடியாது, பெற்றோரோ பாதுகாவலரோதான், அதனால் அதை நினைத்து இப்போது மண்டையை உடைத்துக்கொள்ளாதே.


எர்ணாவூர்_அம்மா

கண்ணு, நான் திருநங்கை. எனக்கு 15 வயதாக இருக்கும்போது, 1990இல், யாரிடமும் சொல்லாமல் மும்பை ரயில் ஏறினேன். ரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டும்போது ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கையில் ஒரு பேப்பர் கிடையாது. டிசி கிடையாது, மார்க் ஷீட் கிடையாது. அங்கே ஒரு குரு மடி கட்டி மகளாகச் சேர்த்துக்கொண்டார், சோறு போட்டார், அதை மறக்கமாட்டேன், ஆனால் 18 வருடம் கடை கடையாகக் காசு கேட்டுத்தான் சாப்பிட்டேன். இங்கே 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்ததும் ஊருக்குத் திரும்பினேன், அட்டை வாங்கினேன், ரேஷன் கார்டு வாங்கினேன். படிப்பை மட்டும் எங்கே போய் வாங்குவது?

எங்களுக்காவது ஜமாத் என்று, திருநங்கைகள் கூடி வாழும் ஒரு வாசல் இருக்கிறது, நல்லதோ கெட்டதோ. உங்களைப் போன்ற பையன்களுக்கு அப்படி ஒரு வீடு கிடையாது, அது எனக்கு எப்போதும் வருத்தம். அதனால்தான் சொல்கிறேன், உன் பள்ளிக்கூடம்தான் இப்போதைக்கு உன் ஜமாத், அதை விட்டு இறங்காதே. 18 ஆகாமல் என் வாசலுக்கு வந்தால் நானே சோறு போட்டுத் திருப்பி அனுப்புவேன். இங்கே எழுதிவிட்டாய் என்று இன்பாக்ஸில் வந்து "தனியாக வா, உதவி செய்கிறேன்" என்று யார் கூப்பிட்டாலும் போகாதே, நான் கூப்பிட்டாலும் போகாதே.

ராத்திரி தாங்காது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன். அந்த மாதிரி நேரத்தில் மனநல உதவி எண் 14416க்கு போன் போடு, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். வீட்டில் பேச இடம் இல்லை என்றால் மொட்டை மாடிக்குப் போ, கடல் பக்கம் பார்த்து நின்று பேசு. உன் பெயர் இனியன் என்றே சொல், அவர்கள் ஆதார் கேட்கமாட்டார்கள்.


கடல்காற்று_81

பேண்டேஜ் நேற்றே அவிழ்த்துவிட்டேன். விலாவில் கோடு கோடாகத் தழும்பு, தோழி பார்த்துவிட்டுத் திட்டினாள். ஜிம் அண்ணனிடம் வேண்டாம் என்றேன், "பயந்தாங்கொள்ளி" என்றார், இருக்கட்டும். ஆதாரில் அப்பா நம்பர்தான் இருக்கிறது, அதுவும் பழைய நம்பர்.

அம்மா ஜடை போடும்போது திருத்தணி பற்றி ஆரம்பித்துப் பார்த்தேன். எந்த மார்க்குக்கு வேண்டிக்கிட்ட என்று கேட்டார். 500 என்றேன். கை ஒரு நிமிடம் நின்றது, அப்புறம் "போலாம், அப்பாவுக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு" என்றார். இனி 600க்கு 500 எடுத்தாக வேண்டும், இதுவரை நான் 430ஐத் தாண்டியதில்லை. எனக்கு நானே வைத்த ஆப்பு.

இன்னொன்று நானாகச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கூரைக் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்னார். ஏறி பேனரைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டேன், அச்சடித்த பக்கம் வானத்தைப் பார்த்து. ஏன்டா இப்படிப் போட்ட என்றார். எங்கள் பக்கம் பெண் பிள்ளையையும் டா போட்டுத்தான் கூப்பிடுவார்கள், அவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. வெள்ளைப் பக்கம் உள்ளே இருந்தால் வெளிச்சமா இருக்கும்பா என்றேன். சரி என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உச்சி வெயிலில் லேசாக ஒட்டியாணம் மட்டும் தெரிகிறது.