செமி-டிசைடபிள்: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். கணினியியல் முதுகலை வகுப்புக்கு இடவியல் (டோபாலஜி) பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: செமி-டிசைடபிள்.

ஒரு நிரலை ஓடவிடுகிறோம். நின்றுவிட்டால் 'நிற்கும்' என்று அடித்துச் சொல்லலாம். பத்து நாளாகியும் ஓடிக்கொண்டே இருந்தால்? நாளைக்கு நிற்குமோ என்னவோ. 'ஆம்' வந்தால் வரும். வெறுமனே காத்திருந்து 'இல்லை' என்பதைப் பெற முடியாது. இப்படி 'ஆம்' மட்டும் உறுதியாகக் கிடைப்பதுதான் செமி-டிசைடபிள். எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் வழிமுறை ஒன்று இதற்குக் கிடையாது என்பது கணிதர் ஆலன் டூரிங்கின் 1936 கட்டுரையிலிருந்து வருவது.

கணினியியலர் டேனா ஸ்காட் வழிவந்தவர்கள் இடவியலின் திறந்த கணத்தையும் (ஓப்பன் செட்) இப்படித்தான் பார்க்கிறார்கள்: ஒரு புள்ளி அதற்குள் இருந்தால் சோதனை 'ஆம்' சொல்லும், இல்லையென்றால் ஓடிக்கொண்டே இருக்கலாம். சேர்ப்பு என்றால், சோதனைகளைச் சேர்ந்தாற்போல் ஓடவிட்டு எதிலாவது ஒரு 'ஆம்' வந்தாலே போதும். வெட்டு என்றால் அத்தனையும் 'ஆம்' சொல்ல வேண்டும். முடிவில்லாத சோதனைகளுக்கு அந்தக் காத்திருப்பு தீராது. அதனால்தான் வெட்டுக்கு மட்டும் முடிவுள்ள எண்ணிக்கை என்ற கட்டுப்பாடு.

வகுப்பில் 'அரைத்தீர்மானம்' என்றேன். "அப்போ பாதிதான் சரியா, மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

———

அம்மா, அந்தப் பெண் கேட்டது நியாயம். வந்த 'ஆம்' முழுக்கச் சரி. அதில் அரை எங்கே? 'ஒருதலை' இருக்கிறதே! "ஒருதலையான் இன்னாது காமம்" (குறள் 1196) என்னும்போது ஒரு பக்கம். "ஒருதலையாச் சொல்லலும் வல்லது அமைச்சு" (634) என்னும்போது உறுதி. ஒரு பக்கம் மட்டும், ஆனால் உறுதியாக: உங்களுக்கு வேண்டிய இரண்டும் ஒரே சொல்லில். தலை என்றால் முனை. இருதலைக் கொள்ளி, இருதலைமணியன் பாம்பு வரை அதே தலைதான். தீர்மானம் என்பதற்குத் துணிபு. 'ஒருதலைத்துணிபு' என்க.

———

ஐயா, 634 அருமை. ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கு ஒருதலை என்றால் காதல், ஒருதலைப்பட்சம் என்றால் ஓரவஞ்சனை. துணிபு என்று அச்சடித்தால் துணிவுக்கு எழுத்துப்பிழை என்பார்கள். அரைத்தீர்மானமே இருக்கட்டும். விளக்கினால் புரிந்துவிடும்.

———

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் கணம் என்பதை நாங்கள் தொடை என்று படித்தோம். மோனைத்தொடை, எதுகைத்தொடை போலத் தொடுத்து வைத்தது. உடம்பின் தொடையை நினைத்து எங்கள் வகுப்பில் ஒருவரும் சிரித்ததில்லை. பாடத்தோடு வரும் சொல்லுக்குப் பாடத்தின் பொருள்தான் நிற்கும். ஒருதலையும் அப்படி நிற்கும்.

———

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லை, 'அரைத்தீர்மானம்' என்றே அனுப்புகிறேன். வரையறையில் மட்டும் "ஆம் என்பதை ஒருதலையாகச் சொல்லத்தக்கது" என்று சேர்த்திருக்கிறேன்.

———

அம்மா, சரி. ஆனால் 'இல்லை' மட்டும் தெரியவரும் மூடிய கணத்துக்கு என்ன செய்வீர்கள்? அது எந்த அரை? ஒருதலை என்றிருந்தால் அதற்கு 'மறுதலை' தானாக வந்திருக்கும்.

———

ஐயா, மறுதலை (கன்வர்ஸ்) ஏற்கெனவே பத்தாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்தோடு இருக்கிறதே!