புதுப்பிப்பு: சாப்பாட்டுக்காகக் கத்தும் பூனை, காரணம் தைராய்டு

எங்கள் 12 வயதுப் பூனை தட்டுச் சத்தம் கேட்டாலே காலைச் சுற்றிக் கத்துகிறது, எவ்வளவு தின்றாலும் இளைக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்ன பூச்சி மருந்தை முதலில் கொடுத்தோம், ஒன்றும் மாறவில்லை. 'வயசான பூனை நல்லாத் தின்னும் மெலிஞ்சா தைராய்டைப் பாருங்க' என்று தென்காசி அண்ணாச்சி சொன்னதுதான் சரி. திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூடையில் தூக்கிப்போனோம் (வழியெல்லாம் கத்தல், ஆட்டோக்காரரே மிரண்டுவிட்டார்). ரத்தத்தில் டி4 (தைராய்டு சுரப்பி சுரக்கும் ஹார்மோன்) கூடியிருந்தது, இதயத் துடிப்பும் வேகம், சர்க்கரை இல்லை. அந்தச் சுரப்பு மிஞ்சிப்போனால் தின்றதெல்லாம் சீக்கிரம் எரிந்துவிடும், அதனால் அது நிஜமான பசியில்தான் கத்தியிருக்கிறது, செல்லம் கொடுத்ததால் இல்லை. அந்தச் சுரப்பைக் குறைக்கும் மெத்திமசோல் மாத்திரையைச் சாளை மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுக்கிறோம். கத்தல் குறைந்து எடை ஏறுகிறது.

எதிர்பாராதது ஒன்று: தைராய்டு அடங்கியதும் சிறுநீரகக் கோளாறு தெரியவந்தது. அதிகச் சுரப்பு சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி அந்தக் கோளாறை மறைத்துவிடுமாம். ஆகவே மாத்திரை தொடங்கிய பிறகும் ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். அப்புறம், இது பெரும்பாலும் 10 வயதுக்கு மேல் வருவது. குட்டி என்றால் முதலில் பூச்சியையே பாருங்கள்.