கூத்து ஜமாக்களுக்கு (குழுக்களுக்கு) அரசு என்ன கொடுக்கணும்: மேடையா, மாதப் பணமா?

செய்யாற்றுக்காரன்:
எங்க சித்தப்பா தெருக்கூத்து ஆடுகிறவர். பங்குனியில் கிளம்பினால் ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில் பாரதம், படுகளம் என்று ஊர் ஊராகப் போய்விடுவார், வீட்டில் பார்க்கவே முடியாது. மழை பிடித்துக்கொண்டால் கொத்து வேலை, கரும்பு வெட்டு, எது கிடைக்கிறதோ அது. அரசு தரப்பில் பொங்கலுக்குச் சென்னை சங்கமம் கலைவிழா இருக்கிறது, நலிந்த கலைஞர்களுக்கு 58 வயதுக்கு அப்புறம் மாதம் 3,000 ரூபாய் இருக்கிறது. 45 வயது ஆளுக்கு என்ன இருக்கிறது? அயர்லாந்தில் சம்பளம் மாதிரியே கொடுக்கிறார்களாமே, அது நமக்கு ஒத்துவருமா?

மோகனா கே:
ஆமாம், 2022இல் சோதனை முயற்சியாக ஆரம்பித்தார்கள். 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ, மூன்று வருடம். யார் பெரிய கலைஞர் என்றெல்லாம் பார்க்கவில்லை, தொழிலே இதுதான் என்று ஆதாரம் காட்டியவர்களுக்குள் குலுக்கல். ஒப்பிட்டுப் பார்க்க, பணம் கிடைக்காத 1,000 பேரையும் சேர்த்து ஆய்வு செய்தார்கள். போட்ட ஒரு யூரோவுக்கு 1.39 யூரோ பலன் என்று கணக்கு வந்தது, 2025 அக்டோபர் பட்ஜெட்டில் திட்டம் தொடரும் என்றும் அறிவித்துவிட்டார்கள். எனக்குக் குலுக்கல்தான் பிடித்திருக்கிறது. சிபாரிசுக்காக யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம் பாருங்க.

பின்பாட்டு:
குலுக்கலா! ஓவியர், கவிஞர் என்றால் சரி, தனி ஆள். ஜமாவில் துரியோதனன் வேஷக்காரருக்கு விழுந்து, ஆர்மோனியம் வாசிக்கிற பெட்டிக்காரருக்கு விழவில்லை என்றால் அடுத்த வருடம் அந்த ஜமாவே இருக்காது. சங்கமத்தையும் சும்மா சொல்லக் கூடாது, வருமானம் வறண்ட மாதத்தில் கிடைக்கிற காசு அது. ஆனால் விடிய விடிய ஆடுகிற கூத்தைக் கால் மணி நேரத்துக்கு நறுக்கித் தரச் சொல்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு இதுதான் கூத்து என்று சென்னைக்காரர் வீட்டுக்குப் போகிறார்.

பாரிஸ்வாசி:
இங்கே பிரான்சில் வேறு வழி. நாடகம், இசை, சினிமாக்காரர்கள் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை. இது தானம் இல்லை, வேலையின்மைக் காப்பீடு. விதிகளை இறுக்கியபோது 2003இல் அவினியோன் நாடக விழாவே நடக்காத அளவுக்கு வேலைநிறுத்தம் செய்தார்கள். உங்க சித்தப்பாவுக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரே சிக்கல், இங்கே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் உண்டு.

மோகனா கே:
அதற்கு பிரான்ஸ் வரைக்கும் போகணுமா? நம்ம கடற்கரையிலேயே இருக்கிறதே. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம், முன்னால் 5,000 ஆக இருந்தது. போதுமா என்பது வேறு சண்டை. ஆனால் தொழில் ஓடாத மாதங்கள் உண்டு என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது அல்லவா? நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் ஏற்கெனவே இருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை, உறுப்பினர் அட்டை உள்ள எல்லோருக்கும் கொடுக்கலாம்.

பின்பாட்டு:
அட்டை மட்டும் போதாது மேடம், ஆடாதவனும் வாங்கி வைத்திருப்பான். திருவிழாப் பத்திரிகையில் ஜமா பேர் அச்சாகியிருக்கும், அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஜமாவை நடத்துகிற வாத்தியார் பேர்தான் இருக்கும். மத்தளக்காரர், பெட்டிக்காரர் பேரெல்லாம் வாத்தியார்தான் எழுதிக் கொடுக்கணும்.

செய்யாற்றுக்காரன்:
சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். வாத்தியாரோடு சண்டை போட்டுக்கொண்டு பாதி சீசனில் ஜமா மாறினவன் கதி என்ன என்று கேட்கிறார்.