போரஸ் சிலிக்கானில் (நுண்துளைகள் நிறைந்த சிலிக்கான்) ஒளி நிலைக்க: ஆக்சிஜனேற்றம் செய்து பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நுண்துளை:
பி-வகை சிலிக்கான் வேஃபரை (மெல்லிய தகடு) எச்.எஃப். (ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம்), எத்தனால் கலவையில் மின்வேதி முறையில் அரித்து, 365 நானோமீட்டர் யு.வி. (புற ஊதா) விளக்கடியில் வைத்தால் ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிரும். 1990-ல் இங்கிலாந்தின் மால்வர்னில் விஞ்ஞானி லீ கேன்ஹம் கண்டு சொன்ன ஒளி இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. சாதாரணச் சிலிக்கான் ஒளி தருவதில் மிக மந்தம். அது சில நானோமீட்டர் துகள்களாகச் சுருங்கினால்தான் இந்த ஒளி கிடைக்கிறது.

கஷ்டம் அதற்கப்புறம்தான். டெசிக்கேட்டரிலிருந்து (ஈரம் அண்டாத கலம்) எடுத்த மாதிரியை மறுபடி அளந்தால் ஒளிச்செறிவும் மாறியிருக்கும், ஸ்பெக்ட்ரத்தின் உச்சமும் நகர்ந்திருக்கும். காற்றில் லேசரை விடாமல் பாய்ச்சினால் கண்ணெதிரே மங்கும்.

எஃப்.டி.ஐ.ஆர். (பிணைப்புகளைக் காட்டும் அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரம்) எடுத்தால் காரணம் தெரியும். புது மாதிரியில் 2100 செ.மீ⁻¹ பக்கம் சிலிக்கான்–ஹைட்ரஜன் பட்டை கூர்மையாக இருக்கும். நாளாக ஆக 1100 பக்கம் சிலிக்கான்–ஆக்சிஜன் பட்டை வளரும். காற்று போடும் ஆக்சைடு அரைகுறையானது. அங்கங்கே நிறைவுறாத பிணைப்புகளை விட்டுவிடும். ஒளியாக வர வேண்டிய ஆற்றல் அங்கேதான் வீணாகிறது.

எப்படியும் ஆக்சைடு வரப்போகிறது, அதை நாமே ஒழுங்காகப் போட்டுவிடலாமே என்று ஹைட்ரஜன் பெராக்சைடில் இறங்கினோம். முதலில் கவனிக்க வேண்டியது: புது மாதிரியின் மேல் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடும். வெறும் நீர்க்கரைசல் துளைக்குள் போகவே போகாது. எத்தனால் சேர்த்தால்தான் உள்ளே இறங்கும். ஆக்சிஜனேற்றம் நன்றாக நடந்திருந்தால் அதே மாதிரியின் மேல் தண்ணீர்ச் சொட்டு விட்டவுடன் பரவிவிடும். ஸ்பெக்ட்ரம் எடுக்கும் முன்பே எனக்கு நம்பிக்கை தருவது அந்தச் சொட்டுதான். இப்போது எங்கள் மாதிரிகள் லேசருக்குத் தாக்குப்பிடிக்கின்றன. உச்சம் கொஞ்சம் நீலப்பக்கம் நகர்ந்தது. சிலிக்கான் கரு ஆக்சைடாகித் தேய்வதால் அது எதிர்பார்த்ததே.

அமிலக்குடுவை:
நாங்கள் நைட்ரிக் அமிலம் வைத்துச் செய்கிறோம். வேகம் அதிகம். ஆனால் புதிதாக இதைத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று அழுத்திச் சொல்கிறேன்: உலர்ந்த புதுப் படலத்தில் அடர் நைட்ரிக் அமிலத்தை ஊற்றவே ஊற்றாதீர்கள். அவ்வளவு பரப்பு முழுக்க ஹைட்ரஜன்; பொறி பறந்து வெடிக்கக்கூடும். நீர்த்த அமிலம், சின்னத் துண்டு, ஃப்யூம் ஹுட் (புகை உறிஞ்சும் அடைப்பு), முகக்கவசம், இவை இல்லாமல் வேண்டாம். அரிக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே எச்.எஃப். காயத்துக்கான முதலுதவியாகக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கட்டும். எச்.எஃப். பட்ட இடம் உடனே வலிக்காமல் இருக்கலாம், அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று. கடைசிக் கழுவலுக்குத் தண்ணீரை விட பென்டேன் நல்லது. பரப்பு இழுவிசை குறைவு என்பதால், உலரும்போது தடிமனான படலம் விரிசல் விடுவது குறையும்.

பச்சை ஒளி:
நான் பச்சையிலும் நீலத்திலும் ஒளிரும் மாதிரிகளோடு மல்லுக்கட்டுபவள். எனக்கு இந்த ஆக்சிஜனேற்ற வழி கைகொடுக்கவில்லை. துகள் 3 நானோமீட்டருக்குக் கீழே போனால், ஆக்சிஜன் பட்டதும் நிறம் ஆரஞ்சுப் பக்கம் சரிந்துவிடுகிறது. 1999-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு இதற்குக் காரணம் சொன்னது: சிலிக்கான்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு, எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் புது நிலையை உண்டாக்குகிறது. எவ்வளவு சிறிய துகளானாலும் ஒளி உச்சத்தின் ஆற்றல் ஏறக்குறைய 2.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஏற மறுக்கிறது.

ஆகவே சிவப்பு, ஆரஞ்சு போதும் என்பவர்கள் தாராளமாக ஆக்சைடு போடுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு, ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் கார்பன் சங்கிலியைப் பிணைக்கும் ஹைட்ரோசைலிலேற்றம்தான் சரியான பாதை என்று நினைக்கிறேன். ஆல்கீன் (இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்) வைத்து, ஆக்சிஜன் புகாத குளவ் பாக்ஸில் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் விரிவாக எழுதுங்கள்.