வீட்டுக் கடன்: வேறு வங்கியில் கேட்டது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? (அவசரம்)

திண்டுக்கல்வாசி | செவ்வாய், காலை 10:42
வணக்கம். இன்று வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் மேனேஜர், "ஏற்கனவே பல இடத்தில் கேட்டிருக்கிறீர்கள், அங்கே கொடுக்கவில்லை போலிருக்கிறது" என்றார். ஒரு வங்கியின் பெயரையும் சொன்னார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ரிஜெக்ட் ஆனதெல்லாம் சிபில் அறிக்கையில் (நம் கடன் வரலாறு) வருமா? அழிக்க வழி உண்டா? அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, கிரயத்துக்கு 20 நாள்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மஞ்சள்பை | 10:55
சிபில் ஸ்கோர் எவ்வளவு? எத்தனை இடத்தில் கேட்டீர்கள்? நேரடியாகவா, ஏஜென்ட் மூலமாகவா? சம்பளமா, தொழிலா?

தெற்குவீதி | 11:03
பழைய கிரெடிட் கார்டு ஏதாவது 'செட்டில்டு' என்று கிடக்கும், பாருங்கள். நான் 4,000 ரூபாய் குறைத்துக் கட்டி முடித்த கார்டு ஒன்று, ஆறு வருடம் கழித்து வீட்டுக் கடனில் வந்து நின்றது. என்கொயரி (கடன் கேட்கும்போது வங்கி நம் அறிக்கையை எடுத்ததாக விழும் பதிவு) என்று சொல்வதெல்லாம் சாக்கு.

கணக்குப்பிள்ளை | 11:20
இந்தக் கேள்வி இங்கே மாதம் இரண்டு முறை வருகிறது. முப்பது லட்சம், நாற்பது லட்சம் கடன் கேட்கிறவர் தன் அறிக்கையை ஒரு முறையாவது படிக்க வேண்டாமா? சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ரிசர்வ் வங்கி விதி. இறக்கிப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

லோன்டெஸ்க் | 11:48
சார், பதறாதீர்கள். பதினோரு வருடம் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். வங்கி எடுக்கும் சிபில் அறிக்கையில் என்கொயரிக்கு எதிரே இருப்பது தேதி, கடன் வகை, கேட்ட தொகை. மற்ற வங்கியின் பெயர் வராது, 'வெளியிடப்படவில்லை' என்றுதான் இருக்கும். அவர்கள் வங்கியில் நீங்கள் முன்பு கேட்டிருந்தால் அது மட்டும் பெயரோடு தெரியும். கொடுத்தார்களா, மறுத்தார்களா என்பதற்குக் கட்டமே கிடையாது.

ஆனால் ஒரே வாரத்தில் 35 லட்சத்துக்கு ஐந்து என்கொயரி இருந்து, கணக்குப் பகுதியில் புதுக் கடன் ஒன்றும் இல்லை என்றால், மறுத்துவிட்டார்கள் என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு பயமும் உண்டு. எங்கேயோ கடன் கிடைத்து, அது இன்னும் சிபிலில் ஏறாமல் இருக்கலாம். 2025 ஜனவரியில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஏற்ற வேண்டும் என்று ஆக்கினார்கள், அப்படியும் இடைவெளி இருக்கிறது. அதனால்தான் என்கொயரியைத் துருவுவார்கள்.

உங்களிடம் பெயரைச் சொன்னார் என்பதுதான் இடிக்கிறது. உங்கள் சொந்த ரிப்போர்ட்டை யாருக்காவது கொடுத்தீர்களா?

கோவைதம்பி | 12:10
45 நாளுக்குள் எத்தனை வங்கியில் கேட்டாலும் ஒரே என்கொயரியாகத்தான் எடுப்பார்கள். டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் அப்படித்தான் வீடு வாங்கினார்.

கணக்குப்பிள்ளை | 12:16
அது அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோர் விதி. அங்கேயும் பழைய ஃபைகோவில் 14 நாள்தான். அதை நம்பி இங்கே ஒருவர் பத்து வங்கி ஏறி இறங்கினால் யார் பொறுப்பு?

கோவைதம்பி | 12:21
ஒரே மாதிரி கடனை ஒன்றாக எண்ணுவதுதானே நியாயம்? நாலு கடையில் விலை விசாரிப்பது குற்றமா?

மஞ்சள்பை | 12:30
நியாயம் வேறு, நடைமுறை வேறு தம்பி. கேட்டவருக்குப் பதில் சொல்வோம்.

திண்டுக்கல்வாசி | 1:35
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஸ்கோர் 741. தனியார் கம்பெனி சம்பளம். ஏஜென்ட் மூலமாகத்தான். ஆமாம், சிபில் பிடிஎஃப்பை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஏன்?

லோன்டெஸ்க் | 1:52
அதுதான் விஷயம். நாமே இறக்கும் பிரதியில் வங்கிப் பெயர்கள் முழுதாக இருக்கும். ஏஜென்ட் அதையே ஃபைலில் வைத்திருப்பார், மேனேஜர் பார்த்திருப்பார். இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், வங்கி தானாகவே எடுத்துக்கொள்ளும். உண்மையான என்கொயரியை அழிக்க முடியாது. பணம் கொடுத்தால் அழித்துத் தருகிறேன் என்று வருபவரை நம்பவே நம்பாதீர்கள். நீங்கள் கேட்காதது ஏதாவது இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இருந்தால் சிபில் தளத்திலேயே இலவசமாகப் புகார் தரலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அறிக்கையை வங்கி எடுத்தால் உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மெயில் வர வேண்டும், சிபிலில் இருப்பது பழைய நம்பரா என்றும் பாருங்கள்.

முக்கியமாக, புதிதாக எங்கும் கேட்காதீர்கள். சம்பளம் ஏறும் வங்கிக்கு நீங்களே போய், "ஒரே வீட்டுக்காக ஏஜென்ட் பல இடத்தில் போட்டுவிட்டார்" என்று எழுதிக் கொடுங்கள். கிரய ஒப்பந்த நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

தெற்குவீதி | 2:20
நாமே ஸ்கோர் பார்த்தாலும் குறையும், அதையும் சொல்லுங்கள்.

லோன்டெஸ்க் | 2:31
குறையாது. நாம் பார்ப்பது வங்கிகளுக்குத் தெரியவும் தெரியாது. இந்தப் பயத்தால்தான் பலர் ரிப்போர்ட்டைத் திறப்பதே இல்லை.

திண்டுக்கல்வாசி | சனி, இரவு 9:14
ஏழு என்கொயரி இருந்தது. இரண்டு நான் கேட்காதது, ஏதோ பர்சனல் லோன். புகார் போட்டுவிட்டேன். சம்பள வங்கியில் கடிதத்தோடு பேப்பர் கொடுத்திருக்கிறேன். நன்றி லோன்டெஸ்க் சார்.

மஞ்சள்பை | திங்கள், காலை 8:40
அந்த இரண்டும் எந்தத் தேதி? ஏஜென்ட்டுக்கு பிடிஎஃப் அனுப்பியதற்குப் பிறகா?